சஃபோக் விவசாயக் கூலிகளின் முன்னோரைத் தேடுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் கணவர் ஆங்கிலேயர். மாமனார் வழி, கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) ஒரு கிராமம். 1911, 1881, 1851 என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் தொழில் என்ற இடத்தில் ‘ஆக் லேப்’, அதாவது விவசாயக் கூலி. நிலம் இல்லை, உயில் இல்லை, திருமணப் பதிவில் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. இவர்களைப் பற்றி பெயர், தேதி தாண்டி ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்து செத்தவரைவிட, பரம ஏழைக்கு அதிகக் காகிதம் இருப்பதுண்டு. காரணம் இரக்கமல்ல, காசு. 1601ஆம் ஆண்டு ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு பாரிஷும், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊரும், தன் ஏழைகளைத் தானே பராமரிக்க வேண்டும். அதற்கான வரியை அந்த ஊர் வீடு, நிலக்காரர்கள் கட்ட வேண்டும். ஒரு கூலி நோய்வாய்ப்பட்டாலோ, வயதுக்கு வந்த பெண் திருமணமாகாமல் கர்ப்பமானாலோ, அந்தச் செலவு எந்த ஊர் தலையில் விழும் என்பது பெரிய விவகாரம். அந்தச் சண்டையில் எழுதிய காகிதங்கள்தான் உங்களுக்கு வேண்டியவை. எனவே தேடும்போது “இவருக்கு யார் பணம் கொடுத்தார்கள், யார் கொடுக்க மறுத்தார்கள்” என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

அதற்கு முன் அடித்தளம் சரியாக இருக்க வேண்டும். 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதினார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். பிறந்த ஊரும் இராது, ‘இதே கவுண்டியா’ என்பதற்கு ஆம், இல்லை மட்டும்தான். 1851 மார்ச் 30 கணக்கெடுப்பில்தான் சரியான வயது, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, பிறந்த பாரிஷ் மூன்றும் வருகின்றன. ஆகவே 1851 வரை உயிரோடிருந்த மூத்தவர் யாராவது குடும்பத்தில் உண்டா என்று பாருங்கள். தாத்தா இல்லாவிட்டால் அவருடைய அண்ணன், விதவைச் சித்தி, யாரானாலும் சரி. அவர் பிறந்த ஊர் அடுத்த கதவைத் திறக்கும்.

பிள்ளைகள் பிறந்த ஊர்களையும் வரிசையாக எழுதி வையுங்கள். மூத்தது லாக்ஸ்ஃபீல்ட், அடுத்தது டென்னிங்டன், கடைசி பாடிங்கம் என்றிருந்தால் அப்பன் வேலை தேடி நடந்த பாதை அதுதான். மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிய பாரிஷ்கள். கூலிக்காரர்கள் ஒரே மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தார்கள் என்பது படம் வரைபவர்களின் கற்பனை. அடிக்கடி மாறினார்கள், ஆனால் ஐந்து பத்து மைலுக்குள்ளே சுற்றினார்கள். கிராமத்தைச் சுற்றிப் பத்து மைல் வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் எல்லா பாரிஷ் பதிவேடுகளையும் தேடுவதே என் வழக்கம். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

1891, 1901 கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் வீட்டில் இல்லை, மனைவி மட்டும் இருக்கிறார் என்றால் உடனே ‘ஓடிப்போய்விட்டார்’ என்று முடிவு கட்ட வேண்டாம். சஃபோக்கில் அறுவடை முடிந்ததும் இளைஞர்கள் கூட்டமாக ரயிலேறி ஸ்டாஃபோர்ட்ஷையரின் பர்ட்டன் நகருக்குப் போய், பீர் ஆலைகளுக்கு வாற்கோதுமையை முளைக்கட்டும் கொட்டகைகளில் வசந்தம் வரை வேலை செய்தார்கள். கணக்கெடுப்பு நடந்தது மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில். அதனால் பர்ட்டனின் விடுதி வீடுகளில் சஃபோக்கில் பிறந்த ஆண்கள் கொத்தாக அகப்படுவார்கள்.

பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள் 1837 ஜூலை 1 முதல் உண்டு. அரசின் பொதுப் பதிவு அலுவலக இணையதளத்தில் பிறப்பு அட்டவணையைத் தேட காசு கேட்கமாட்டார்கள். 1837 தொடங்கியே தாயின் கன்னிப்பெயரும் (திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர்) அதில் இருப்பதால் ஒரே தம்பதியின் பிள்ளைகளை மொத்தமாகத் திரட்டலாம், இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே பிறந்து இறந்த குழந்தைகள் உட்பட. கன்னிப்பெயர் இடம் காலியாக இருந்தால் பெரும்பாலும் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை. 1875க்கு முன் பதிவு செய்யாவிட்டால் தண்டனை கடுமையாக இல்லை, அதனால் தொடக்க ஆண்டுகளில் சில பிறப்புகள் விடுபட்டிருக்கும்.

1837க்கு முன்னால் பாரிஷ் பதிவேடு. 1538இல் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டதில் தொடங்கியது, ஆனால் எல்லா ஊரிலும் அவ்வளவு பழையது பிழைக்கவில்லை. 1642 உள்நாட்டுப் போர் முதல் 1660 வரை பல இடங்களில் ஓட்டை. பதிவேடு தொலைந்த ஊர்களில், ஆண்டுதோறும் மேலிடத்துக்கு அனுப்பிய நகல் பிழைத்திருக்கும். அதைக் கேட்க மறக்காதீர்கள். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்துவிட்டதால் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் தொழிலும் குடியிருப்பும், அடக்கப் பதிவில் வயதும் இருக்கும். 1754 மார்ச் 25 முதல் திருமணத்துக்குத் தனிப் பதிவேடு. கையெழுத்து அல்லது குறி, சாட்சிகள் எல்லாம் அதில். சாட்சிகளின் பெயரைப் படிக்காமல் விடாதீர்கள், பாதிப் பேர் அண்ணன் தங்கையாகவே இருப்பார்கள். திருமணம் பெரும்பாலும் பெண்ணின் ஊரில் நடந்திருக்கும்.

சின்னச் சின்னப் பொறிகள் சில. 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது, ஆக 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1721. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி, ஏழைகளுக்கு விலக்கு. அந்த ஆண்டுகளில் பெயருக்குப் பக்கத்தில் ‘பி’ என்றோ ‘பாப்பர்’ (பரம ஏழை) என்றோ கண்டால், உண்மையான வறுமையாகவும் இருக்கலாம், வரியைத் தவிர்க்கப் பாதிரியார் காட்டிய தாராளமாகவும் இருக்கலாம். 1794 முடிந்ததும் ஒரே நாளில் ஒரே வீட்டு மூன்று பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தால் காரணம் புரியும்.

குடும்பப்பெயர்களுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. எழுதத் தெரியாதவர் சொன்னதைப் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார், ஹாம்மண்ட் ஆம்மண்ட் ஆனார். குடும்பப்பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று சொல்பவர்கள்தான் அதிகம். அதைவிட ஆபத்து, ஒரே பெயர்கொண்ட இருவர். பக்கத்துப் பக்கத்து ஊரில், இரண்டு வருட இடைவெளியில் இரண்டு வில்லியம்கள் பிறந்திருப்பார்கள். இணையத்தில் காணும் வம்ச மரங்களில் பாதி இங்கேதான் தடம் புரள்கின்றன. அடக்கப் பதிவேட்டையும் பார்த்து, ஒருவன் குழந்தையாகவே இறந்துவிட்டானா என்று உறுதிசெய்தால் மீதி இருப்பவன் உங்கள் ஆள். ஒரு குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பதும் சகஜம், அதையும் மனத்தில் வையுங்கள்.

இனி நான் முதலில் சொன்ன விஷயம். 1662 சட்டத்தின்படி ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு பாரிஷில் ‘செட்டில்மென்ட்’ உண்டு: அந்த ஊர்தான் அவரைக் கஷ்டகாலத்தில் தாங்க வேண்டும். தகப்பன் வழியாக வரும். அல்லது ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகை கொடுத்து இடம் பிடித்தால், ஓர் ஊரில் தொழில் கற்கும் சிறுவனாகப் பத்திரம் எழுதி இருந்தால், பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து திருமணமாகாதவர் முழு ஓர் ஆண்டுக்கு ஒப்பந்தமாகி ஒரே பண்ணையில் வேலை பார்த்தால் வரும். பெண் கல்யாணம் செய்துகொண்டால் கணவனுடைய ஊர்தான் அவளுக்கும். பண்ணைக்காரர்கள் இதை நன்றாகத் தெரிந்துகொண்டு 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்தார்கள். ஒரு வாரம் குறைத்தால் ஊருக்கு ஒரு ஏழை குறைவு!

வேற்றூர்க் கூலி உதவி கேட்டு நின்றால், இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் முன் சத்தியம் வாங்கி அவர் கதையைக் கேட்பார்கள். அந்த விசாரணைத் தாள் ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம் இருக்கும், ஆனால் கூலிக்காரரின் வாழ்க்கை வரலாறு என்று ஒன்று உண்டென்றால் அதுதான். தான் எங்கே பிறந்தேன் என்று நம்புகிறார், அப்பாவின் செட்டில்மென்ட் எது, எத்தனை வயதில் முதன்முதலில் வேலைக்குப் போனார், எந்த ஆண்டு மைக்கேல்மஸ் நாளில் (செப்டம்பர் 29) எந்தப் பண்ணையில் சேர்ந்தார், சோறும் இடமும் போக ஆண்டுக்கு எத்தனை பவுண்டு, முழு ஆண்டு இருந்தாரா, நடுவில் எஜமானோடு சண்டையிட்டுக் கிளம்பினாரா, எந்தக் கோயிலில் யாரைக் கல்யாணம் செய்தார், பிள்ளைகள் யார், வயது என்ன, எல்லாம் அதில் வரும். கீழே ஒரு குறி, அவ்வளவுதான். பதிவேடுகளில் பத்து ஊரைத் துழாவிக் கிடைக்காத பிறப்பிடம் இந்த ஒரு தாளில் கிடைத்துவிடும்.

தன் ஊர் ஆள் இல்லை என்று முடிவானால் வெளியேற்ற ஆணை. குடும்பத்தை வண்டியிலேற்றி ‘சொந்த’ ஊர் அதிகாரியிடம் ஒப்படைப்பார்கள். கணவன் இறந்ததும், தான் ஒருநாளும் மிதித்திராத அவன் ஊருக்கு விதவையையும் பிள்ளைகளையும் அனுப்பிய ஆணைகளைப் படிக்கும்போது கோபம் வராமல் இராது. 1795 வரை, ‘நாளைக்கு இவர் நமக்குச் சுமையாகலாம்’ என்ற பயத்திலேயே துரத்த முடிந்தது. அதன் பிறகு உண்மையில் உதவி கேட்டால்தான். இந்த ஆணைகள் இரண்டு பிரதி, அனுப்பிய ஊரிலும் பெற்றுக்கொண்ட ஊரிலும். ஒன்றில் அழிந்தாலும் மற்றதில் இருக்கலாம். ஊர்கள் வழக்காடியிருந்தால் மூன்றாவது இடம் காலாண்டு நீதிமன்ற ஆவணம்.

ஓவர்சியர் கணக்குப் புத்தகங்களும் உண்டு. ஓவர்சியர் என்றால் இங்கே ஏழை வரியை வசூலித்துச் செலவிடும் ஊர்க்காரர். இன்னாருக்கு ஒரு ஜோடி செருப்பு, இன்னாள் பிரசவத்துக்கு மருத்துவச்சிக் கூலி, குளிருக்கு விறகு, சவப்பெட்டி, பிணம் தூக்கியவர்களுக்கு பீர். வாரம் இரண்டு ஷில்லிங் வாங்கிய கிழவியின் பெயர் திடீரென்று நின்றால் அடக்கப் பதிவேட்டின் அந்த வாரத்தைப் பாருங்கள்.

திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை வந்ததும் பலர் ‘அப்பா யாரென்று தெரியாது’ என்று மரத்தை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பாரிஷ் அப்படி விடவில்லை. 1834 வரை அப்படிப் பிறந்த குழந்தைக்குப் பிறந்த ஊரே செட்டில்மென்ட் என்பதால், தாயை விசாரித்துத் தகப்பன் பெயரை வாங்கி, அவனிடம் பிணைப்பத்திரமோ வாரப் பணமோ எழுதி வாங்குவதில் ஊருக்கு அக்கறை. ஞானஸ்நானப் பதிவில் இல்லாத தகப்பன் இந்தக் காகிதக் கட்டுக்குள் இருப்பான். குழந்தையின் நடுப்பெயர் ஒரு குடும்பப்பெயர் மாதிரி இருந்தால் அதுவும் துப்பு.

இந்தக் காகிதங்கள் கோயில் மரப்பெட்டியிலிருந்து கவுண்டி ஆவணக் காப்பகத்துக்கு வந்துவிட்டன. சஃபோக்குக்கு இப்ஸ்விச்சில் 2020இல் திறந்த ‘தி ஹோல்ட்’ கட்டடம். எல்லா ஊருக்கும் பிழைத்திருக்காது, அது அதிர்ஷ்டம். பல பதிவேடுகள் ஃபேமிலிசர்ச், ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் தளங்களில் இருந்தாலும் ஓவர்சியர் காகிதங்கள் பெரும்பாலும் காப்பகத்தின் தாள்களாகவே கிடக்கின்றன. அட்டவணையில் ஊர் பெயரைப் போட்டுத் தேடினால் விசாரணைத் தாள்கள் சில இடங்களில் ஆள் பெயரோடே வரும். சஃபோக்கில் ஒரு உள்ளூர் விசேஷம்: 1750களிலிருந்தே பல பாரிஷ்கள் சேர்ந்து பொது ஏழை விடுதிகள் கட்டின, நாக்டனிலும் பிளைத்பர்க் அருகே புல்காம்பிலும் இருந்தவை அப்படிப்பட்டவை. புல்காம்ப் கட்டடத்தை 1765இல் எழும்பிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் இடித்துத் தள்ளியது, பிறகுதான் கட்டி முடித்தார்கள். உங்கள் ஊர் அந்த வட்டாரத்தில் இருந்தால் பாரிஷ் பெயரோடு நிற்காமல் விடுதியின் பெயரிலும் தேடுங்கள்.

1834 சட்டம் பாரிஷ்களைச் சேர்த்து யூனியன்கள் ஆக்கியது, வொர்க்ஹவுஸ், அதாவது ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் விடுதி, வந்தது. சேர்க்கைப் பதிவேடு எங்கே பிழைத்ததோ அங்கே பயனுண்டு. பிறப்புச் சான்றிதழில் வொர்க்ஹவுஸ் என்று போட்டால் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க அவமானம் என்று 1904 முதல் சாதாரணத் தெரு முகவரி மாதிரி எழுதச் சொன்னார்கள். அந்தக் காலத்துச் சான்றிதழில் புரியாத முகவரி வந்தால் அதையும் சந்தேகியுங்கள்.

காகிதம் குவியும் இன்னொரு இடம் சிறை. இரவில் முயல் பிடித்தால் 1828 சட்டப்படி முதல் முறை மூன்று மாதம் வரை சிறை, இரண்டாம் முறை ஆறு மாதம், மூன்றாம் முறை ஏழு ஆண்டு நாடு கடத்தல் வரை போகலாம். 1816இல் பிராண்டனில் ரொட்டிக் கலவரம், 1830இல் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்த ‘கேப்டன் ஸ்விங்’ கிளர்ச்சி, 1843-44இல் சஃபோக் முழுக்க வைக்கோற்போர் எரிப்பு. ஸ்விங்குக்காகத் தென் இங்கிலாந்திலும் கிழக்கிலும் 19 பேரைத் தூக்கிலிட்டு, 480 பேர் அளவில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். டாஸ்மேனியாவுக்குப் போன கைதியின் பதிவு இணையத்தில் இலவசம்: உயரம், கண் நிறம், மூக்கின் வடிவம், தழும்பு, கையில் பச்சை குத்திய எழுத்து. புகைப்படம் வராத காலத்துக் கூலிக்காரரின் முகம் இவ்வளவு விவரமாக வேறெங்கும் கிடைக்காது. குடும்பத்தில் யாரும் சட்டத்தை மீறவில்லை என்று பெருமைப்படுபவர்களிடம் நான் வருத்தம்தான் தெரிவிப்பேன். சிறிய வழக்குகளுக்கு ‘இப்ஸ்விச் ஜர்னல்’, ‘பரி அண்ட் நார்விச் போஸ்ட்’ போன்ற செய்தித்தாள்களை எண்ணிம வடிவில் தேடலாம்.

ஓர் ஆள் இங்கிலாந்தின் எந்தப் பதிவிலும் இல்லாமல் மறைந்துவிட்டால் வேறு சில திசைகள் உண்டு. 1835 முதல் 1837 வரை ஏழைகள் சட்ட ஆணையமே சஃபோக் குடும்பங்களை மான்செஸ்டர் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்பியது. அதே காலத்தில் பாரிஷ் செலவில் கனடா போனவர்களும் உண்டு. ஊருக்கு அது ஒரே செலவோடு தீர்ந்துவிடும் கணக்கு. 1872இல் ஜோசப் ஆர்ச் தலைமையில் கூலிகளின் சங்கம் உருவானது. 1874இல் கிழக்குக் கவுண்டிகளில் பண்ணைக்காரர்கள் சங்கத்து ஆட்களை வேலையிலிருந்து பூட்டி வெளியேற்றினார்கள். அந்தத் தோல்விக்குப் பின் நியூசிலாந்து, குயின்ஸ்லாந்து கப்பல்களில் பலர். இன்னொரு திசை நமக்குத் தெரிந்ததே: பட்டாளம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படைகளில் சேர்ந்த சிப்பாய்களின் பதிவுகளில் முந்தைய தொழில் ‘கூலி’ என்று நிறையப் பேர். சேர்ப்புப் பதிவுகளும், மதராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்களும் லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் உள்ளன. பரங்கிமலையிலோ திருச்சியிலோ அடக்கமான சஃபோக் கூலிக்காரர் உங்கள் கணவர் குடும்பத்தில் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

1870க்குப் பிறகு வருபவர்களுக்குப் பள்ளித் தலைமையாசிரியரின் நாட்குறிப்பைக் கேளுங்கள். கல் பொறுக்க, காக்கை விரட்ட, கதிர் பொறுக்கப் போய் வகுப்புக்கு வராத பையன்கள் சில சமயம் பெயரோடு இருப்பார்கள். 1911 கணக்கெடுப்பில் மனைவி எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனை உயிரோடு, எத்தனை இறந்தன என்ற எண்கள் இருக்கும். அவற்றைப் பிறப்பு அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள். 1910 வாக்கில் நடந்த நிலமதிப்பீட்டுக் கள ஏடுகள் லண்டனில் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். வீட்டு வாடகை, அறைகள், சுவரின் நிலை, பண்ணைக்காரருக்குச் சொந்தமான குடிலா என்பதெல்லாம் வரும். 1931 கணக்கெடுப்பு 1942இல் தீயில் போய்விட்டது, 1941இல் எடுக்கவே இல்லை. ஆகவே 1921க்கு அடுத்தது, போர் தொடங்கியதும் எடுத்த 1939 செப்டம்பர் மக்கள் பதிவேடுதான்.

பின்னோக்கி 1750ஐத் தாண்டினால் கேள்வியே மாறும். அந்தத் தலைமுறை கூலியாகவே இருந்திருக்க வேண்டியதில்லை. பொது மேய்ச்சல் நிலங்களை வேலியடைத்ததில், விலைவாசியில், பிள்ளைகள் பெருகியதில் சிறு குடியானவர் குடும்பங்கள் கூலியாயின. எனவே உயிலையும் மேனர் (நிலப்பிரபுவின் பண்ணை) நீதிமன்றச் சுருள்களையும் தேட இப்போது வேலை உண்டு. 1733க்கு முந்தைய சுருள்கள் லத்தீனில் இருக்கும், அதிலும் பெயரையும் நிலத்தையும் எடுக்கும் அளவுக்கு லத்தீன் சீக்கிரமே பழகிவிடும். 1662 முதல் வசூலித்த அடுப்பு வரியில், கட்ட வசதியில்லை என்று விலக்குப் பெற்றவர்களின் பட்டியல்களும் சில ஊர்களுக்கு உண்டு. மறுபடியும் பார்த்தீர்களா, கட்டாதவரின் பெயரும் எழுதியிருக்கிறது.

டிஎன்ஏ சோதனை பற்றியும் கேட்பீர்கள். தெரியாத தகப்பனைக் கண்டுபிடிக்க, ஐந்தாறு தலைமுறைக்குள் என்றால் உதவும். ஒரே வட்டாரத்தில் திரும்பத் திரும்பக் கல்யாணம் செய்த ஊர்களில் எல்லோரும் எல்லோருக்கும் உறவாக வருவார்கள், அதனால் காகித ஆதாரம் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாமியார் இருந்தால் அவர்களுக்கு எடுப்பது உங்கள் கணவருக்கு எடுப்பதைவிட ஒரு தலைமுறை லாபம். ஆனால் நீங்கள் தேடுவது மாமனார் வழி என்பதால் மாமனாரோ, அவர் அக்கா தங்கையோ இருந்தால் அவர்களைத்தான் முதலில் கேளுங்கள்.

இப்போதைக்கு நான் செய்யச் சொல்வது: 1851இல் இருக்கும் மூத்தவரின் பிறந்த பாரிஷைக் குறித்துக்கொண்டு, சஃபோக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் அந்தப் பெயரோடு செட்டில்மென்ட், ஓவர்சியர், வெளியேற்றம் ஆகிய மூன்று சொற்களை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். பக்கத்து நான்கு ஊர்களுக்கும் அதேபோல. என்ன பிழைத்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதினால் அடுத்து எந்தக் கட்டைத் திறப்பது என்று பார்ப்போம்.